கட்டம் சரி, தகவல் பொய்

1/
மருத்துவமனை கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் எத்தனை எழுத்து போடலாம், எண் மட்டுமா, எந்த இடத்தில் சாய்கோடு வரணும் என்று எல்லாமே முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். அதை மீறி ஒரு எழுத்துகூட உள்ளே போகாது. சாஃப்ட்வேர்காரர்கள் இதற்கு 'இன்புட் மாஸ்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவக் குறிப்பில் நல்ல மனிதர்களைப் பொய் எழுத வைக்கிற ஏற்பாடு என்று நான் இதைச் சொல்வேன். கடுமையா இருக்கா? முழுசா படிச்சுட்டுச் சொல்லுங்க. நீளமான இழை, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
மாஸ்க் என்றால் என்ன? நீங்க தினமும் பார்க்கிறதுதான். தேதி அடிக்கப் போனால் கட்டத்தில் ஏற்கெனவே இரண்டு சாய்கோடு தயாரா நிக்கும். பான் எண் அடித்தால் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. வேற வரிசையில் அடிச்சா விரல்தான் வலிக்கும், திரையில் எதுவும் வராது. பார்க்க அழகா இருக்கும். பான் எண்ணுக்கு இது பொருந்தும், ஏன்னா பான் எண்ணை உருவாக்கியதே ஒரு அலுவலகம். அது எப்போதும் அந்த வடிவத்தில்தான் இருக்கும். நோயாளியை எந்த அலுவலகமும் உருவாக்கல.

3/
இந்தச் சிந்தனை புதுசு இல்லை. 1959-ல் உருவாகத் தொடங்கிய கோபால் என்ற கணினி மொழியிலேயே (நம்ம ஊர் கோபால் இல்லீங்க) 'பிக்சர்' என்று ஒரு வசதி உண்டு. 9 என்று போட்டால் அந்த இடத்தில் எண், ஏ என்று போட்டால் எழுத்து, எக்ஸ் என்று போட்டால் எதுவும். அட்டையில் துளை போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் இடத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்த காலம் அது. அன்றைக்கு அது தேவை. இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்களுக்கு இடம் இருக்கு. ஆனால் நோயாளியின் நிலையை எழுத நர்ஸுக்குக் கிடைப்பது மூன்று எண்.

4/
முதலில் அடிப்படை விஷயம். மாஸ்க்குக்கு வடிவம் மட்டும்தான் தெரியும். 'இரண்டு எண், சாய்கோடு, இரண்டு எண், சாய்கோடு, நான்கு எண்' என்று மட்டும் கேட்கிற கட்டத்தில் 45/67/8901 என்று அடித்துப் பாருங்கள். சந்தோஷமா வாங்கிக்கும். அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது. அதே கட்டத்தில் 'சரியாத் தெரியல, 1960 வாக்கில்' என்று ஒரு பாட்டி சொன்ன உண்மையை எழுதுங்கள். துப்பிடும். வடிவம் சரியான பொய்க்குக் கதவு திறக்கும். வடிவம் பிசகிய உண்மைக்குக் கதவு மூடும்.

5/
வார்டுக்கு வருவோம். டெங்கு முற்றி ஷாக்கில் ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். கை கால் சில்லுனு இருக்கு. பிரஷர் கருவியில் எதுவும் பதிவாகல. மருத்துவ மொழியில் 'பிபி நாட் ரெக்கார்டபிள்'. காகித கேஸ் ஷீட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போடுவோம். அடுத்து வருகிற டாக்டர் அதைப் பார்த்தாலே ஓட ஆரம்பித்துவிடுவார். இப்போ அதை மூன்று எண், சாய்கோடு, மூன்று எண் என்ற மாஸ்க்கில் எப்படிப் போடுவீங்க?

6/
போட முடியாது. கட்டத்தைக் காலியா விட்டால் பக்கம் சேவ் ஆகாது. சேவ் ஆகாவிட்டால் மருந்து ஆர்டர் போகாது. அப்புறம் என்ன நடக்கும்? இரவுப் பணியில் தனியா நிற்கிற சிஸ்டர் ஏதாவது ஒரு எண்ணைப் போடுவார். "சார், நம்பர் போடாம நகர மாட்டேங்குது, அறுபதுக்கு நாற்பதுன்னு போட்டுட்டேன்" என்பார். அந்த எண்ணை யாரும் அளக்கல. மாஸ்க் கேட்டது, மாஸ்க்குக்குக் கொடுத்தாச்சு.

7/
அதனால என்ன, 60/40-உம் மோசமான பிரஷர்தானே என்று கேட்கலாம். கொஞ்சம் யோசிங்க. ஒரு மணி நேரம் திரவம் ஏற்றிய பிறகு நிஜமாகவே 60/40 வருகிறது. பதிவே ஆகாத நிலையிலிருந்து பதிவாகும் நிலைக்கு வந்திருக்கிறார், அது முன்னேற்றம். திரையில் முன்பும் 60/40, பின்பும் 60/40. அடுத்த ஷிஃப்ட் டாக்டருக்குத் தெரிவது என்ன? 'ஒரு மணி நேர சிகிச்சைக்கு எந்தப் பலனும் இல்லை.' அவர் அடுத்து எடுக்கும் முடிவு அந்தப் பொய் எண்ணின் மேல் நிற்கிறது. ஒரு கட்டத்தின் அழகுக்காக.

8/
சர்க்கரைக்கு வருவோம், இது உங்கள் வீட்டிலும் இருக்கும். விரலில் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டருக்கு ஓர் எல்லை உண்டு. பல கருவிகளில் 600-ஐத் தாண்டினால் எண் வராது, 'ஹை' என்று வரும். ரொம்பக் குறைந்தால் 'லோ' என்று வரும். கருவி நேர்மையானது. 'என்னால இதுக்கு மேல அளக்க முடியாது' என்று ஒத்துக்கொள்கிறது. கட்டத்துக்கு அந்த நேர்மை கிடையாது. எண் மட்டும் கேட்கும். ஆக, 'ஹை' என்பது 600 ஆகிறது, இல்லாவிட்டால் 999 ஆகிறது.

9/
இன்சுலின் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 580. 600-லிருந்து 580, வெறும் 20 குறைந்திருக்கு என்று வரைபடம் காட்டும். நிஜத்தில் ஆரம்பம் 900 ஆக இருந்திருக்கலாம். அப்படியானால் அது தாறுமாறான வீழ்ச்சி, வேகத்தைக் குறைக்கணும். 610 ஆக இருந்திருந்தால் மருந்து வேலை செய்யல, கூட்டணும். இரண்டும் எதிரெதிர் முடிவுகள். 'ஹை' என்ற சொல் அங்கே இருந்திருந்தால் டாக்டர் லேபில் ரத்தம் கொடுத்துச் சரியான அளவு பார்த்திருப்பார். 600 என்ற எண் அவரைத் தூங்க வைத்துவிட்டது.

10/
காய்ச்சல். ஒரு மருத்துவமனை மென்பொருளில் நான் பார்த்தது: உடல் வெப்பக் கட்டத்தின் மாஸ்க் இரண்டு எண், புள்ளி, ஓர் எண். செல்சியஸில் யோசித்து எவரோ செய்தது. 37.5 அழகா உட்காரும். நம்ம வார்டுகளில் பாரன்ஹீட். 104 அடித்தால் 10.4 என்று வரும். நூறைத் தாண்டிய எந்தக் காய்ச்சலும் அந்த மருத்துவமனையில் அனுமதி இல்லை! சிஸ்டர்கள் கண்டுபிடித்த வழி? எல்லாருக்கும் 99.9. சிரிப்பு வருதா? அந்தப் பதிவேட்டை வைத்து யாராவது காய்ச்சல் கணக்கெடுத்தால், அந்த ஊரில் கடும் காய்ச்சலே கிடையாது என்று அறிக்கை போகும்.

11/
எடை. குழந்தை மருத்துவத்தில் எல்லா மருந்தும் எடைக் கணக்கு. சில மாஸ்க்குகள் தசமப் புள்ளியைத் தானே போட்டுக்கொள்ளும், நீங்கள் அடிக்கும் புள்ளியைக் கண்டுகொள்ளாது. 3, புள்ளி, 2 என்று அடித்தால் 3-உம் 2-உம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 32 கிலோ ஆகிவிடும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைங்க. 3.2 கிலோ குழந்தைக்கு 48 மில்லிகிராம். 32 கிலோவுக்கு 480. பத்து மடங்கு. குழந்தைகளுக்கான மருந்துப் பிழைகளில் இந்தப் பத்து மடங்குப் பிழைக்குத் தனி இடமே உண்டு. புள்ளி சின்னது, அதன் வேலை பெரியது.

12/
இன்னொரு கொடுமை, அழகுக்காகப் பூஜ்ஜியம் சேர்ப்பது. நீங்கள் 5 என்று அடித்தால் மாஸ்க் அதை 5.0 என்று 'ஒழுங்கு' செய்யும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மருந்துச் சீட்டில் எழுதவே கூடாதவை என்று 2004-லிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இது இருக்கு. 5.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 50 ஆகும். .5 என்றும் எழுதாதே, 0.5 என்று எழுது, இல்லாவிட்டால் 5 ஆகும். எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுப்பதை ஒரு வரி புரோகிராம் தலைகீழாக்குகிறது.

13/
'கட்டம் எண்ணை மட்டும் கேட்டது, அலகைக் கவனிக்க வைக்கல' என்றால் என்ன ஆகும்? உலகம் அறிந்த ஒரு நிகழ்வு. 2013, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை. 16 வயது நோயாளி, எடை 38.6 கிலோ. டாக்டர் கொடுக்க நினைத்தது 160 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு மாத்திரை. அவர் 160 என்று அடித்தார். அந்த நேரத்தில் அந்தக் கட்டம் இருந்தது 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற கணக்கில்.

14/
கணினி 160-ஐ எடையால் பெருக்கியது. வந்தது 38½ மாத்திரை. மருந்தகத்தைத் தாண்டியது. எந்திரம் பொட்டலம் கட்டியது. பார்கோடு ஸ்கேன் செய்தபோதும் சரி என்றே காட்டியது, ஏன்னா ஆர்டரில் இருந்ததே 38½தான். அந்தப் பையன் அத்தனையும் விழுங்கினான். வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தான். அதே மருத்துவமனையின் டாக்டர் ராபர்ட் வாக்டர் 2015-ல் வெளியிட்ட 'தி டிஜிட்டல் டாக்டர்' என்ற புத்தகத்தில் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார். 160 என்பது மூன்று எண். எந்த மாஸ்க்கும் அதைத் தடுத்திருக்காது. தப்பு எண்ணின் வடிவத்தில் இல்லை, அர்த்தத்தில் இருந்தது.

15/
அலகு விஷயம் நம்ம வீட்டுக்கும் வரும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எனக்குச் சுகர் ஏழு" என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. அங்கே மில்லிமோல் கணக்கு. நம்ம மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18-ஆல் பெருக்கணும். 7 என்பது 126. அலகு எழுதாத கட்டத்தில் 7 என்று போட்டால் மாஸ்க் ஒன்று வாங்கிக்கும், இல்லாவிட்டால் மூன்று இலக்கம் வேணும் என்று 007 போட வைக்கும். ஜேம்ஸ் பாண்ட் வந்து வைத்தியம் பார்க்கணும்.

16/
தேதி. 05/03/2024. இது மார்ச் 5-ஆ, மே 3-ஆ? நமக்கு மார்ச் 5. அமெரிக்க அமைப்பில் இயங்கும் மென்பொருளுக்கு மே 3. இரண்டுக்கும் மாஸ்க் ஒன்றுதான். இதில் விஷமம் என்னன்னா, மாதத்தின் 13-ஆம் தேதிக்குப் பிறகு என்றால் தப்பு உடனே தெரியும், ஏன்னா 13-வது மாதம் கிடையாது. முதல் 12 நாட்கள் என்றால் சத்தமே இல்லாமல் மாறிப் போகும். சில நாள் சரியாகவும் சில நாள் தப்பாகவும் நடக்கிற பிழைதான் மருத்துவத்தில் ரொம்ப ஆபத்து.

17/
இதைக் கர்ப்பிணிக்குப் போட்டுப் பாருங்க. கடைசி மாதவிடாய் மார்ச் 5, 2024. அக்டோபர் 29 அன்று வயிற்று வலியோடு வருகிறார். சரியான கணக்கில் 34 வாரம். தேதி மே 3 என்று மாறியிருந்தால் 25 வாரம் 4 நாள். 34 வாரக் குழந்தை பிறந்தால் நம்பிக்கையோடு பேசலாம். 25 வாரம் என்றால் அந்தக் குடும்பத்திடம் பேசும் பேச்சே வேறு, அனுப்பும் ஆஸ்பத்திரி வேறு, மருந்து வேறு. ஸ்கேன் இருந்தால் பிடித்துவிடலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு நள்ளிரவில் வருபவர்களும் உண்டு என்பதை எந்த மகப்பேறு டாக்டரும் சொல்வார்.

18/
'சின்ன கட்டத்தால் அப்படியெல்லாம் ஆகுமா டாக்டர், மிகைப்படுத்துறீங்க' என்பவர்களுக்கு: இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், 2000-ஆம் ஆண்டு. கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனையோடு தாயின் வயதையும் சேர்த்து, குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கணினி. இரண்டாயிரம் பிறந்ததும் ஆண்டுக் கணக்கு குழம்பியது. தாய்மார்களின் வயது தப்பாகக் கணக்கிடப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு 'உங்களுக்கு ஆபத்து குறைவு' என்று தவறான முடிவு போனது. அவர்களில் நான்கு பேருக்கு டவுன் சின்ட்ரோமுடன் குழந்தை பிறந்தது. வருஷத்துக்கு இரண்டு எண் போதும் என்று என்றைக்கோ யாரோ எடுத்த முடிவின் வால் அது. அந்தக் கணினியில் ஒவ்வொரு தேதியும் 'சரியான வடிவத்தில்'தான் இருந்தது.

19/
பிறந்த தேதி தெரியாதவர்கள் நம்ம நாட்டில் இன்னும் ஏராளம். "தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷம் நான் கைக்குழந்தை சாமி" என்பார் ஒரு அம்மா. அது நல்ல தகவல். 1964 என்று எனக்குப் புரியும். கட்டத்துக்குப் புரியாது, நாளும் மாதமும் வேணும். அதனால்தான் ஜனவரி 1 அன்று பிறந்தவர்களாக இத்தனை பேர் நம்ம பட்டியல்களில் இருக்கிறார்கள். அறுபது வயதில் இது பெரிய விஷயம் இல்லை. ஒரு குழந்தைக்கு? டிசம்பரில் பிறந்த குழந்தையை அதே வருஷம் ஜனவரி 1 என்று போட்டால் காகிதத்தில் 11 மாதம் மூப்பு. நல்லா வளர்கிற பிள்ளையை வளர்ச்சி குன்றியது என்று அட்டவணை காட்டும். தாய் அழுவாள்.

20/
பெயர். இதில் நமக்குத் தனி வழக்கே போடலாம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு, அது அப்பா பெயரோ ஊர் பெயரோ. 'லாஸ்ட் நேம்' கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று ஒரு கட்டம். முருகன் என்ன செய்வார்? ஒரு ஆஸ்பத்திரியில் 'முருகன் முருகன்', இன்னொன்றில் அப்பா பெயர், மூன்றாவதில் 'கே கே'. மூன்று பதிவு, ஒரே மனிதர். பென்சிலின் ஒவ்வாமை முதல் பதிவில் இருக்கு. மூன்றாவதில் இல்லை.

21/
இது ஆஸ்பத்திரியோடு நிற்கல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். நடுவில் தவித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், யோசிங்க. பேட்ரிக் மெக்கென்சி என்ற புரோகிராமர் 2010-லேயே, பெயர்களைப் பற்றிச் சாஃப்ட்வேர்காரர்கள் நம்பும் பொய்களை வரிசையாகப் பட்டியல் போட்டார். துறையில் பிரபலமான கட்டுரை. எல்லாரும் படிச்சாங்க, சிரிச்சாங்க. கட்டம் மாறல.

22/
பெயரே இல்லாத நோயாளியும் உண்டு, பச்சைக் குழந்தை. நம்ம ஊரில் 'இன்னாருடைய குழந்தை' என்று அம்மா பெயரைப் போட்டு எழுதுவோம். நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் எல்லா ஆண் குழந்தைக்கும் 'பேபிபாய்' என்று பொதுவாகப் போட்டுவந்ததை மாற்றி, முதல் பெயர்க் கட்டத்திலேயே அம்மா பெயரைச் சேர்த்தார்கள். தப்பான குழந்தைக்கு ஆர்டர் போடும் பிழை சுமார் 36 சதவீதம் குறைந்தது. 2015-ல் ஆய்வாக வந்தது. ஒரு பெயர்க் கட்டத்தை எப்படி நிரப்புவது என்ற முடிவுக்கு இவ்வளவு வலிமை. 'எழுத்து மட்டும், பத்து எழுத்துக்குள்' என்று அந்த இடத்தில் மாஸ்க் போடுகிறவர் எதில் கை வைக்கிறார் என்று தெரிந்து வைக்கணும்.

23/
தமிழில் பெயர் எழுத விடலாமே என்கிறீர்களா? அங்கேயும் வினை. யூனிகோடில் 'ம' என்பது எழுத்து வகை. ஆனால் கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் 'குறி' என்ற வேறு வகை. 'எழுத்து மட்டும் அனுமதி' என்று ஆங்கில மூளையோடு எழுதிய மாஸ்க், குறிகளைத் தூக்கி எறியும். மீனாட்சி 'மனடச' ஆவார். கண்ணன் 'கணணன' ஆவார். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. இருபது எழுத்து வரம்பு என்றால் நமக்குப் பன்னிரண்டிலேயே தீர்ந்து போகலாம். தன் பெயரைத் தன் மொழியில் எழுத முடியாத நோயாளி, அந்த அட்டையை எப்படிச் சரிபார்ப்பார்?

24/
கைப்பேசி எண். 'பத்து எண் மட்டும்' என்ற மாஸ்க். ஊர்ப் பெரியவர் பழக்கத்தில் பூஜ்ஜியம் சேர்த்துச் சொல்வார். கட்டம் முதல் பத்தை வாங்கி, கடைசி எண்ணைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டியது யாருக்கும் தெரியாது, கட்டம் நிறைஞ்சிருக்கே! மறுநாள் லேபில் பொட்டாசியம் 7 என்று வருகிறது. இதயம் எந்த நேரமும் நிற்கலாம். போன் போட்டால் 'நீங்கள் அழைக்கும் எண்ணைச் சரிபார்க்கவும்'. பூஜ்ஜியத்தையும் +91-ஐயும் கழற்றிவிட்டு மிச்சத்தை வாங்குவது புரோகிராமருக்கு இரண்டு வரி வேலை. அதைச் செய்யாமல் பெரியவரைத் திருத்தப் பார்ப்பது என்ன நியாயம்?

25/
இப்போ எதிர்வாதம். ஐடி தம்பிகள் சொல்வார்கள்: "சார், மாஸ்க் இல்லாட்டி கண்டதையும் அடிப்பாங்க. டேட்டா குப்பையாயிடும்." நியாயமான கவலை, ஒதுக்கித் தள்ள மாட்டேன். காலம்காலமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துத் துன்பப்பட்ட சமூகம் இது. எங்களுக்கு ஒழுங்கு தேவை என்பதை நானே ஒத்துக்கிறேன். ஆனால் தம்பி, நீங்கள் சொல்லும் குப்பை கண்ணுக்குத் தெரிகிற குப்பை. 'பிபி கிடைக்கல' என்று எழுதியதை நாளைக்கு யாராவது பார்த்துச் சரி செய்யலாம். 60/40 என்ற சுத்தமான பொய்யை யார் கண்டுபிடிப்பார்? தெரிகிற அழுக்கைத் துடைக்கலாம். வெள்ளையடித்து மறைத்த விரிசலை என்ன செய்வது?

26/
அடுத்த வாதம்: "ஸ்டாஃபுக்கு டிரெயினிங் கொடுத்தால் போதும்." நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் நிற்கிற வார்டில் நின்னு பார்த்துட்டு இதைச் சொல்லுங்க. உண்மையை எழுத இடமே இல்லாத கட்டத்துக்கு எந்தப் பயிற்சி உதவும்? பிழையை மனிதனின் தலையில் கட்டுவது சுலபம். சிஸ்டருக்கு மெமோ கொடுக்கலாம், மாஸ்க்குக்கு யார் மெமோ கொடுப்பது?

27/
மாஸ்க்கே வேண்டாமா? அப்படிச் சொல்லல. ஓர் அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த எண்ணுக்கு இடைவெளி விட்டுக் காட்டுவது படிக்க உதவும். பதினான்கு இலக்க ஆபா எண்ணை அட்டையில் இருக்கிற மாதிரி பிரித்துக் காட்டுங்கள், நன்றி சொல்வேன். ஆனால் உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஆதாரின் 12-வது எண் சும்மா இல்லை. யாகோபஸ் வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969-ல் கொடுத்த முறையில், முதல் பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு எண் தப்பினாலும், பக்கத்து எண்கள் இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும். பார்த்தீங்களா? மாஸ்க் எண்ணிக்கையைப் பார்க்கும், இந்தக் கடைசி எண் பிழையைப் பார்க்கும். காவலாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

28/
சரி, என்ன செய்யணும்? குறை மட்டும் சொல்லிட்டுப் போற ஆள் இல்லை நான்.

ஒன்று: வாங்கும்போது தாராளமாக வாங்குங்கள், சேமிக்கும்போது ஒழுங்கு செய்யுங்கள். இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-லேயே எழுதிவைத்த கொள்கைதான் இது. இடைவெளி, கோடு, பூஜ்ஜியம் எதோடு வந்தாலும் வாங்கிக்கொண்டு பின்னால் சுத்தம் செய்வது கணினியின் வேலை.

இரண்டு: ஒவ்வொரு மருத்துவக் கட்டத்துக்கும் பக்கத்தில் 'அளக்க முடியவில்லை', 'தெரியாது', 'தோராயம்' என்ற வாய்ப்புகள் வேண்டும். ஒவ்வாமை 'இல்லை' என்பதும் ஒவ்வாமை 'தெரியாது' என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே காலிக் கட்டமாக்குவது குற்றம்.

29/
மூன்று: அலகு கட்டத்தோடு ஒட்டியே இருக்கணும், பெரிதாக. அடித்த பிறகு மொத்த அளவையும் திருப்பிக் காட்டுங்கள்: '38½ மாத்திரை, சரியா?' என்று.

நான்கு: தேதியில் மாதத்தை எழுத்தில் காட்டுங்கள். '5 மார்ச் 2024' என்பதை எவனாலும் மே என்று படிக்க முடியாது. பிரிட்டிஷ் அரசின் இணைய வடிவமைப்புக் குழு பிறந்த தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனிக் கட்டம்தான் பரிந்துரைக்கிறது. தொலைபேசி எண்ணை மக்கள் பழகிய விதத்திலேயே எழுத விடுங்கள் என்றும் சொல்கிறது. வெள்ளைக்காரனிடமிருந்து கோட்டும் டையும் எடுத்தோம், இதையும் எடுக்கலாம்.

30/
ஐந்து: தடுக்காதீர்கள், கேளுங்கள். பச்சைக் குழந்தைக்கு 32 கிலோ என்றால் 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி. ஆனால் எல்லாவற்றுக்கும் கேட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவிலும் எச்சரிக்கை வந்தது. நாள் முழுக்க வரும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளோடு அதுவும் தள்ளப்பட்டது. கொஞ்சமா கேளுங்க, உயிர் போகிற இடத்தில் கேளுங்க.

ஆறு: எண் கட்டத்தில் மவுஸ் சக்கரம் உருண்டால் எண் தானா மாறுகிற வகை உலாவிகளில் உண்டு. பக்கத்தை நகர்த்தப் போய் டோஸ் மாறும். அதே பிரிட்டிஷ் குழு இந்தக் காரணத்தாலும் 2020-ல் அந்த வகைக் கட்டத்தைக் கைவிட்டது. நம்ம மருத்துவ மென்பொருளில் அது எத்தனை இடத்தில் இருக்கு என்று இன்றே தேடுங்கள்.

31/
ஆஸ்பத்திரி நிர்வாகிகளே, மென்பொருள் வாங்கும் முன் டெமோவில் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்காதீங்க. பத்து நிமிஷம் ஒரு மூத்த சிஸ்டரைக் கூட உட்கார வைங்க. பிபி கிடைக்காத நோயாளி, சர்க்கரை 'ஹை' வந்த நோயாளி, பெயர் வைக்காத குழந்தை, பிறந்த தேதி தெரியாத பாட்டி, 104 டிகிரி காய்ச்சல். இந்த ஐந்தையும் உள்ளே போடச் சொல்லுங்கள். ஒன்று திணறினாலும் காசோலையில் கையெழுத்துப் போடாதீங்க.

32/
பொதுமக்களுக்கு: அட்மிஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் ஐந்து விஷயம் பாருங்க. பெயரும் இனிஷியலும், வயது, எடை, போன் நம்பரின் கடைசி எண், ஒவ்வாமை. தப்பா இருந்தால் கவுன்டரில் கேளுங்க. "சிஸ்டம்ல அப்படித்தான் வரும்" என்று சொன்னால், "அப்போ சிஸ்டத்தை மாத்துங்க, என் எடையை மாத்த முடியாது" என்று சொல்லுங்க. மரியாதையா, ஆனா சத்தமா.

33/
கட்டம் கட்டுகிற தம்பி தங்கைகளே, உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் ஓர் ஏசி அறையில் போடும் ஒரு வரி, எங்கோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு ஒரு நர்ஸின் கையைப் பிடித்து 'இதை எழுதாதே' என்று சொல்கிறது. அவர் எழுத வந்தது உண்மை. அடுத்த முறை மாஸ்க் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: இந்தக் கட்டத்துக்குள் அடங்காத நோயாளி வந்தால், அவரைப் பற்றி இங்கே என்ன எழுத முடியும்? பதில் 'ஒன்றும் முடியாது' என்றால், அந்த மாஸ்க்கைக் கழற்றிடுங்க.

ஐடியில் வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.